முதலில் பத்திரம், பின்பு தீர்த்தம்

பங்குப் பணிகளுள் நமக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது எது என்று எவரேனும் வினவினால், புதுமனை மந்திரிப்பு என்றே விடை பகர்வோம். சுண்ணாம்பு வாசனை மாறாத சுவர்கள், அடுப்பில் பொங்கும் பால், அறைக்கு அறை ஓடித் திரியும் குழந்தைகள், வாசற்படியில் நின்று கண்ணீரை முந்தானையால் துடைக்கும் தாய் ஆகிய இவற்றுக்கு நடுவே தீர்த்தம் தெளித்துச் செல்லும்போது, அக்குடும்பத்தின் இருபது ஆண்டு உழைப்பின்மீது நடந்து செல்வதாகவே உணர்வோம். ஆயினும், இன்றுவரை நாம் மந்திரிக்க இயலாமற்போன வீடு ஒன்று உண்டு. அது கட்டப்படவே இல்லை. அதற்கு நாமும் ஒரு காரணம். அன்புள்ள குடும்பத்தாருக்குப் பயன்படக்கூடும் என்பதால் அதனை மறைக்காமல் எழுதுகிறோம்.

2009ஆம் ஆண்டு. திருச்சி பாலக்கரையில் தையற்கடை வைத்திருந்த ஒருவரும் அவருடைய மனைவியும் நம்மைக் காண வந்தனர். நகருக்குத் தெற்கே, புறவழிச் சாலையைத் தாண்டி, மாதத் தவணையில் மனை தருகிறார்களாம். முன்பணம் 30,000 ரூபாய். பின்னர் மாதம் 2,000 வீதம் அறுபது மாதங்கள். “சாமி, நீங்கள் ஒருமுறை வந்து இடத்தைப் பார்த்துவிட்டால் எங்களுக்குத் தைரியமாக இருக்கும்” என்றார் அந்த அம்மையார்.

சென்றோம். பனைமரங்கள் நின்றன, நல்ல காற்று வீசியது, செம்மண்ணில் வெள்ளைக் கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. நிறுவனத்தார் இளநீர் வெட்டிக் கொடுத்தனர். “நல்ல இடம்” என்றோம். எல்லைக் கல்லருகே நின்று ஒரு செபமும் சொன்னோம். நமது கண்முன்னே முன்பணம் எண்ணிக் கொடுக்கப்பட்டது. மூலப்பத்திரம் எங்கே, மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் உண்டா, விற்பவர் உரிமையாளர்தாமா என்று ஒரு கேள்வியும் நாம் கேட்கவில்லை. குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்கு, பத்திரம் படிக்கத் தெரிந்திருக்கவில்லை. தெரியாது என்று சொல்லும் பணிவும் அன்று இல்லை.

2014இல் தவணைகள் முடிந்தன. 1,50,000 ரூபாய் செலுத்தியாயிற்று. கிரயப் பதிவோ இன்று, நாளை என்று தள்ளிப்போயிற்று. அப்பொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. நிலம் அந்நிறுவனத்தாருடையது அன்று. முதியவர் ஒருவர் எழுதிக்கொடுத்த பொது அதிகார ஆவணத்தை, மக்கள் ‘பவர்’ என்று சொல்லும் அந்தக் காகிதத்தை, வைத்துக்கொண்டே விற்றிருக்கிறார்கள். 2015இல் அம்முதியவர் இறந்தார். அதிகாரம் அளித்தவர் இறந்தால், பொதுவாக அந்த அதிகாரமும் அவரோடு முடிந்துபோகும் என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறும் நெறி. பதிவு செய்த கிரயப் பத்திரமின்றி, வெறும் ‘பவர்’ காகிதத்தால் நில உரிமை கைமாறாது என்று உச்ச நீதிமன்றமும் 2011இல் தெளிவாகத் தீர்ப்பளித்திருந்தது. முதியவரின் வாரிசுகள் கையை விரித்தனர். நிறுவனத்தார் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுப் போயினர்.

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. பின்னர் 2017இல் தமிழக அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்றுப் பதிவான மனைகளுக்கு ஒரு வழி திறந்தது. நம் தையற்காரரிடம் இருந்தவை அறுபது ரசீதுகளும், பதிவு செய்யப்படாத ஓர் ஒப்பந்தமுமே. திறந்த அந்த வாசலிலும் அவரால் நுழைய முடியவில்லை.

அந்த அம்மையார் நம்மை ஒரு கடுஞ்சொல்லும் சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், “நீங்கள் வந்து பார்த்தீர்களே என்றுதான் சாமி பணத்தைக் கொடுத்தோம்” என்றார். குற்றஞ்சாட்டும் குரலில் அன்று; நடந்ததைச் சொல்லும் குரலில். அச்சொல் இன்றளவும் நம்மை விட்டு அகலவில்லை.

அதன்பின் நாம் கற்கத் தொடங்கினோம். பங்கிலிருந்த வழக்கறிஞர் ஒருவரிடம் மாணவனைப்போல் அமர்ந்து, வில்லங்கச் சான்று என்றால் என்ன, பட்டா எது, சிட்டா எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டோம். அக்கல்வி பயன்பட்ட வேளை 2023இல் வந்தது.

பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவர் அவர். 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை பொன்மலைக்கு வந்தது முதல், அங்கே தலைமுறை தலைமுறையாக ரயில்வே குடியிருப்பிலேயே பிறந்து, வளர்ந்து, மணமுடித்து வாழும் குடும்பங்கள் பல. ஓய்வு பெற்றதும் சில மாதங்களில் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். அறுபதாம் வயதில்தான், தமக்கென்று ஓர் அடி மண்ணும் இல்லை என்பது அவர்களுக்கு உறைக்கிறது. இவர் கையில் 27 லட்சம் ரூபாய் இருந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு, பக்கத்து இடங்களின் விலையில் ஏறக்குறையப் பாதிக்கே வருகிறது என்று தரகர் சொன்னாராம். “ஆற்றுத் தண்ணீர், நல்ல பள்ளிக்கூடம், பேருந்து வசதி, எல்லாம் இருக்கிறது சாமி, வந்து பாருங்கள்” என்றார்.

“இடத்தைப் பின்னர்ப் பார்ப்போம், பத்திரம் எங்கே?” என்றோம். தரகர் நாளை, மறுநாள் என்றார். எனவே நேரே வீட்டுக்காரரையே காணச் சென்றோம். காவிரிப் பாலத்தைக் கடந்து, 1987இல் கட்டி முடிக்கப்பட்ட 236 அடி இராசகோபுரத்தை அண்ணாந்து பார்த்தவாறே, கோயிலைச் சூழ்ந்த வீதிகளில் ஒன்றன் பின்னிருந்த சந்துக்குள் நுழைந்தோம். திண்ணையில் வயது முதிர்ந்த வைணவர் ஒருவர் அமர்ந்திருந்தார். நமது வெள்ளை அங்கியைக் கண்டதும் எழுந்து, நாற்காலி போட்டு, மோர் கொடுத்தார். வந்த காரணத்தைச் சொன்னோம்.

“ஃபாதர், உங்களிடம் மறைப்பானேன்? இந்த மண் ரங்கநாதருடையது என்று கோயிலில் சொல்கிறார்கள். எங்களுடையது என்று நாங்கள் சொல்கிறோம். அப்பா காலத்திலிருந்தே தகராறு. சுவர் எங்களுடையது என்பதில் மட்டும் சண்டையில்லை. தரகர் இதை உங்களுக்குச் சொல்லவில்லையா?” என்றார்.

இதுவே ‘அடிமனைப் பிரச்சினை’ என்று ஸ்ரீரங்கத்தார் சொல்வது. கட்டடம் ஒருவருக்கும், அதன் அடியிலுள்ள மனை வேறொருவருக்கும் உரியதாக இருப்பதும், மனையின் உரிமை குறித்துக் கோயில் நிர்வாகத்துக்கும் குடியிருப்போருக்கும் வழக்கு நிலவுவதும் அவ்வூரில் நெடுநாளைய செய்தி. சமய நிறுவனங்களின் நிலத்தை உரிய அனுமதியின்றிப் பதிவு செய்ய மறுக்கும்படி பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு கூறுகிறது. அது தமிழகத்தில் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நமது வேலையன்று. ஆனால் ஓய்வூதியக்காரர் ஒருவர், வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்து அந்த வழக்கையும் சேர்த்து வாங்கலாகாது. விலை ஏன் மலிவு என்பது அப்போதுதான் விளங்கியது. விற்க வேண்டிய நெருக்கடியிலும் உண்மையை மறைக்காத அப்பெரியவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். பாலத்தில் திரும்பி வருகையில் நம் ரயில்வேக்காரர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மீண்டும் தேடத் தொடங்கினோம். அந்த நான்கு மாதங்களில் நாம் கைக்கொண்ட முறையைச் சுருங்கச் சொல்கிறோம்.

முதலாவது, விலை மலிவுக்குக் காரணம் கேட்க வேண்டும். நகருக்குத் தொலைவு, பழைய கட்டடம், குறுகிய சந்து ஆகியவை பொறுத்துக்கொள்ளத்தக்க காரணங்கள். உரிமைக் குறைபாடும் நீர்நிலையும் பொறுக்கத்தக்கவை அல்ல. திருச்சி ஆறுகளும் வாய்க்கால்களும் சூழ்ந்த ஊர். 1977 நவம்பரிலும் 2005இலும் வந்த வெள்ளங்களைக் கோரையாற்றுப் பக்கத்து மக்கள் மறந்திலர். கோடையில் மனை பார்ப்பவர், மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கேட்பது நலம். வருவாய்த் துறைப் பதிவேட்டில் அது நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால், கும்பிட்டு விலகிவிட வேண்டும்.

இரண்டாவது, காகிதங்கள். தாய்ப்பத்திரம் முதல் இன்றைய பத்திரம் வரை சங்கிலி அறாமல் இருக்கிறதா, பட்டா விற்பவர் பெயரில் இருக்கிறதா, மனைப்பிரிவும் கட்டடமும் அங்கீகாரம் பெற்றவையா என்று காண வேண்டும். வில்லங்க விவரத்தை இப்பொழுது பதிவுத் துறையின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குப் பார்க்க வேண்டும். ஆனால் அதில் பதிவான ஆவணங்களே தெரியும். பதிவு செய்யாத ஒத்தியும், பங்கு கேட்கக் காத்திருக்கும் உடன்பிறப்புகளும் அதில் தெரியமாட்டார்கள். ஆகவே வீட்டில் குடியிருப்பவரையும் அக்கம்பக்கத்தாரையும் விசாரித்தல் அவசியம். வங்கி கடன் தர மறுக்கும் மனையை நாமும் ஐயுறுதல் அறிவுடைமை.

மூன்றாவது, கணக்கு. வீட்டு விலை மட்டுமே செலவு என்று எண்ணுவோர் பலர். தமிழகத்தில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு. பதிவுக் கட்டணம், 2023 ஏப்ரல் முதல், 2 விழுக்காடு. 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு; சிறு மனை வாங்கும் ஏழைக் குடும்பங்கள் இதனைக் கவனிக்க. தீர்வையை மிச்சப்படுத்தப் பத்திரத்தில் விலையைக் குறைத்தெழுதும் வழக்கம் பொய்யும் ஆகும், பேதைமையும் ஆகும். நாளை வழக்கு வந்தால், எழுதிய தொகைக்கே சான்று உண்டு. முன்பணத்தையும் வங்கி வழியாகவே கொடுக்க வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் 2015இலேயே தடுத்துவிட்டது.

இறுதியில், தஞ்சைச் சாலையில் காட்டூர்ப் பக்கம், இரண்டரை சென்ட் மனையில் பழைய வீடொன்று அமைந்தது. அழகான வீடன்று, மொட்டைமாடியில் ஒழுக்கு, சந்தில் மோட்டார் வண்டி நுழையாது. ஆனால் காகிதம் ஒவ்வொன்றும் நேராக இருந்தது. விலை 28 லட்சம், பதிவுக்கு 2,52,000. மனைவியின் மருத்துவத்துக்கென்று 4 லட்சத்தைத் தொடாமல் ஒதுக்கி வைக்குமாறு வற்புறுத்தினோம். மகன் 8 லட்சம் கடன் எடுத்தான். எல்லாம் போக எஞ்சியது 48,000; அதில் ஒழுக்கை அடைத்து வெள்ளையடித்தார்கள்.

மந்திரிப்பன்று அவர் பத்திரத்தைப் பீடத்துப் பூக்களோடு கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். நமக்குப் பிதாப்பிதாவாகிய ஆபிரகாம் நினைவுக்கு வந்தார். மனைவியை அடக்கம் செய்ய நிலம் தேடியபோது, இலவசமாகவே தருகிறோம் என்று சொல்லப்பட்டும் அவர் இசையவில்லை. ஊர்வாயிலில் எல்லார் முன்னிலையிலும் நானூறு வெள்ளிக் காசு நிறுத்துக் கொடுத்து, நிலம், குகை, எல்லைக்குட்பட்ட மரங்கள் அனைத்தையும் தம் உரிமையாக்கிக்கொண்டார். விசுவாசத்தின் தந்தையே சாட்சிகளை வைத்து வாங்கியிருக்க, “ஆண்டவர் பார்த்துக்கொள்வார்” என்று நாம் கண்ணை மூடிக்கொள்வது விசுவாசமன்று; சோம்பல்.

தையற்காரரின் வழக்கு இன்னும் முடியவில்லை. முன்பணம் கொடுத்ததற்கு நேர்ச்சாட்சி நாமே ஆதலால், திருச்சி நீதிமன்றத்தில் கூண்டேறிச் சாட்சி சொன்னோம். “அன்று நீங்கள் ஏதாவது ஆவணத்தைப் பார்த்தீர்களா?” என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் வினவினார். “இல்லை” என்றோம். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எவ்வளவு நேரமாயிற்று என்பது நமக்கே தெரியும். வெளியே வந்ததும் அந்த அம்மையார் ஒரு தம்ளர் தேநீர் வாங்கி நம் கையில் கொடுத்தார். அவர்கள் இன்றும் இரண்டு அறை வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் அவ்வாடகை வீட்டை மந்திரிக்கச் செல்கிறோம்.

இப்பொழுது எவரேனும், “சாமி, ஒரு மனை பார்த்திருக்கிறோம், வந்து ஆசீர்வதியுங்கள்” என்று வந்தால், நாம் கூறும் மறுமொழி ஒன்றே: “வருகிறோம். முதலில் பத்திரத்தைக் கொண்டு வாருங்கள், தீர்த்தம் பின்பு.”