நூறு கிராமங்களின் கடன்

ராஜ்கீர் மலையடிவாரத்தில் எழுந்துள்ள புதிய நாளந்தா, தனக்கு வேண்டிய தண்ணீரையும் மின்சாரத்தையும் தானே தேடிக்கொள்ள முயல்கிறது. பரீட்சை இனிமேல்தான்.

கோடையில் ராஜ்கீருக்கு வருகிறவர்களை முதலில் வரவேற்பது வெயில்தான். ஐந்து குன்றுகள் சூழ்ந்த இந்தப் பழைய மகதத் தலைநகரில் வெப்பம் சர்வசாதாரணமாக 40 டிகிரியைத் தாண்டும். பாறைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை இரவில் திருப்பித் தரும். ஆறுகள் வெறும் மணலாகக் கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில், வைபார கிரியின் அடிவாரத்தில், சுமார் 455 ஏக்கரில் ஒரு பல்கலைக்கழக வளாகம். அதில் ஏறக்குறைய 100 ஏக்கர் நீர்நிலைகள்!

பீகாரின் நாளந்தா பல்கலைக்கழகம் 2010-ம் ஆண்டு நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் பிறந்தது. பழைய நாளந்தாவை உயிர்ப்பிக்க வேண்டும் என்ற யோசனையை 2006-ல் பீகார் சட்டமன்றத்தில் முன்வைத்தவர் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம். 2014 செப்டம்பரில் 15 மாணவர்களுடன், தற்காலிகக் கட்டடங்களில் வகுப்புகள் தொடங்கின. ரூ. 1,700 கோடிக்கு மேல் செலவில் எழுந்த நிரந்தர வளாகத்தை 2024 ஜூன் 19 அன்று பிரதமர் நரேந்திர மோடி திறந்துவைத்தார். பெருமையாகச் சொல்லப்பட்டது ஒரு வார்த்தை: ‘நிகர பூஜ்யம்’. அதாவது செலவழிக்கும் மின்சாரத்தையும் தண்ணீரையும் வளாகமே ஈடுகட்டிக்கொள்ள வேண்டும். கழிவையும் வெளியே தள்ளக் கூடாது.

வளாகத்தின் வரைபடம், 2018-ல் கட்டடக் கலையின் உச்ச விருதான பிரிட்ஸ்கர் பரிசைப் பெற்ற ஆமதாபாத் கலைஞர் பாலகிருஷ்ண தோஷியின் நிறுவனம் போட்டியில் வென்று தந்தது. திறப்பு விழாவைக் காண அவர் இல்லை; 2023 ஜனவரியில் காலமாகிவிட்டார். அவருடைய குழு கட்டடங்களை வரையத் தொடங்கும்போதே தண்ணீர் எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்ற கேள்வியையும் கேட்டுக்கொண்டது. அதன் விளைவுதான் வளாகத்தின் நடுவே உள்ள ஏரிகள். அவற்றைச் சுற்றியே வகுப்புகளும் விடுதிகளும்.

அந்தக் கேள்விக்கான பதில் தென் பீகார் விவசாயிகளுக்கு எப்போதோ தெரியும். இங்கே மழை மோசமில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். ஆனால் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். நிலமோ தெற்கிலிருந்து வடக்கே கங்கையை நோக்கிச் சரிகிறது. பெய்த நீர் நிற்காமல் ஓடிவிடும். இதைத் தடுக்க உருவானவை ‘அஹர்’களும் ‘பைன்’களும். அஹர் என்பது மூன்று பக்கம் கரை போட்டு, மேட்டுப் பக்கத்தைத் திறந்து விட்ட நீர்த்தேக்கம். தமிழக ஏரியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பைன் என்பது ஆற்றில் வெள்ளம் வரும்போது அதைப் பிரித்து வயலுக்கும் அஹருக்கும் கொண்டு போகும் கால்வாய். புதிய வளாகத்தின் நீர்நிலைகள் இந்த ஏற்பாட்டைப் பின்பற்றியே அமைக்கப்பட்டன.

குளம் தோண்டிய மண்ணும் வீணாகவில்லை. கொஞ்சம் சிமென்ட் கலந்து, அழுத்தி, சூளையில் சுடாத கற்களாக அது மாறியது. மேல்மண்ணைச் சுரண்டி நிலக்கரியை எரிக்கும் செங்கல் சூளைகள் சாலையோரமெல்லாம் புகையும் மாநிலத்தில் இது சின்ன விஷயமல்ல. சுவர்கள் இரட்டைச் சுவர்கள். நடுவே காற்று இடைவெளி. வெளியே வெயில் கொளுத்தினாலும் சூடு உள்ளே வர நேரமெடுக்கும். வழக்கமான ஏ.சி.க்குப் பதிலாக, காற்றிலிருக்கும் ஈரத்தை முதலில் உறிஞ்சிவிட்டு, பிறகு நீர் ஆவியாவதன் மூலம் குளிரவைக்கும் முறை. மின்சாரத்துக்கு 6.5 மெகாவாட் சூரிய மின் நிலையம். நாளொன்றுக்கு 5 லட்சம் லிட்டரைச் சுத்திகரிக்கும் குடிநீர் நிலையம். 4 லட்சம் லிட்டர் கழிவுநீரை மறுபடி பயன்படுத்த இன்னொன்று.

பட்டியல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ‘நிகர பூஜ்யம்’ என்பது வருடக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. சூரியன் மறைந்த பிறகும் விளக்குகள் எரிய வேண்டும். மின்வலைப் பின்னலோடு கொடுக்கல் வாங்கல் வைத்து, வருட முடிவில் இரண்டும் சரியாகிவிட்டால் பூஜ்யம். கட்டுவதற்குச் செலவான இரும்பும் சிமென்ட்டும் கக்கிய புகை இந்தக் கணக்கில் பொதுவாகச் சேர்வதில்லை.

இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, 2016-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பழைய நாளந்தாவின் இடிபாடுகளுக்குப் போக வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டில் குமாரகுப்தன் காலத்தில் வளரத் தொடங்கிய அந்த மகாவிகாரையின் பெயரே, மாந்தோப்புக் குளமொன்றில் வாழ்ந்த நாகத்திலிருந்து வந்தது என்ற கதையை ஏழாம் நூற்றாண்டில் இங்கே படித்த யுவான் சுவாங் பதிவு செய்திருக்கிறார். அவருக்குப் பின் வந்த இட்சிங், விகாரையைச் சுற்றிப் பத்துக்கு மேற்பட்ட பெரிய குளங்கள் இருந்ததாகவும், காலையில் மணியடித்ததும் துறவிகள் குளிக்கக் கிளம்பியதாகவும் எழுதுகிறார்.

இருவரும் சொல்லும் இன்னொரு சேதிதான் முக்கியம். அந்தப் பல்கலைக்கழகம் கிராமங்களின் வருவாயில் நடந்தது. சுமார் 100 கிராமங்கள் என்கிறார் யுவான் சுவாங். இட்சிங் காலத்தில் அது 200-ஐத் தாண்டிவிட்டது. அரிசியும் பாலும் வெண்ணெயும் அங்கிருந்தே வந்தன. ஆயிரக்கணக்கான துறவிகள் கவலையின்றி தர்க்கம் படித்தார்கள் என்றால், யாரோ அவர்களுக்காக ஏர் பூட்டினார்கள்.

புதிய நாளந்தாவுக்கு நிலம் மாநில அரசு கையகப்படுத்திக் கொடுத்தது. அரிசியை அது கடையில் வாங்கிக்கொள்ளும். அக்கம்பக்கத்து விவசாயியிடமிருந்து அது இன்னும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு பொருள் நிலத்தடி நீர். ஆழ்குழாய்க் கிணறுகளைப் போட்டு இஷ்டத்துக்கு இறைத்தால், மதில் சுவருக்கு வெளியே கைப்பம்புகள் காற்றைத்தான் கக்கும். எனவே 100 ஏக்கர் நீர்நிலைகளை வெறும் அலங்காரமாகப் பார்ப்பது தவறு. ஊர்க்கிணற்றில் கைவைக்காமல் இருப்பதற்கான உத்தரவாதம் அவை. மழைக்கால உபரி நீரை வடிகட்டி, குழாய் வழியே நிலத்தடிக்குள் இறக்கிச் சேமித்து, தேவைப்படும்போது எடுக்கும் முறையைப் பல்கலைக்கழகம் அருகிலுள்ள கிராமங்களுக்கும் கொண்டு போனது. பழைய கடனைத் திருப்பித் தரும் முதல் தவணை என்று அதைச் சொல்லலாம்.

ராஜ்கீர் நகரத்தின் கதை வேறு. தாகம் தாங்காமல் அது கங்கையையே வரவழைத்துவிட்டது. மொகாமாவுக்கு அருகே ஹாத்திதாவில் மழைக்கால வெள்ளத்தை எடுத்து, குழாயில் கொண்டுவந்து, தேக்கி, வருடமெல்லாம் வீடுகளுக்கு வழங்கும் திட்டம் 2022 நவம்பரில் தொடங்கியது. ஒரே ஊரில் இரண்டு வழிகள்: தூரத்து நதியைக் கொண்டுவருவது ஒன்று, தலைமேல் பெய்வதைப் பிடித்துவைப்பது மற்றொன்று. முதலாவதற்குக் குழாயும் பம்பும் இருந்தால் போதும். இரண்டாவதற்கு மனிதர்கள் வேண்டும்.

ஏனென்றால் அஹர்கள் தொழில்நுட்பம் பழசாகிப் போனதால் அழியவில்லை. பைன்களில் வண்டல் சேரும். ஆண்டுதோறும் தூர்வார வேண்டும். ஊர் கூடி இந்த வேலையைச் செய்யும் வழக்கத்துக்கு இங்கே ‘கோவாம்’ என்று பெயர். தமிழகத்துக் குடிமராமத்தின் சகோதரன். ஜமீன்தாரி ஒழிந்தபோது அதோடு மராமத்துப் பொறுப்பும் அநாதையானது. அதன் பின் ஆழ்குழாய்க் கிணறு வந்தது. யாரும் யாரையும் நம்பியிருக்கத் தேவையில்லை என்றானது. அஹர்கள் மேடாகின, சிலவற்றில் வீடுகள் முளைத்தன.

புதிய வளாகத்தின் ஏரிகளிலும் வண்டல் சேரத்தான் செய்யும். சூரியத் தகடுகளில் தூசு படியும். ஏரிக்கரையைப் பராமரிக்கப் பணம் கேட்டு விண்ணப்பிக்கும்போது, அதை ஒத்திப்போடத் தோன்றும். கட்டுவதற்கு ஒரு தோஷி போதும். காப்பாற்றுவதற்கு ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் மண்வெட்டி எடுக்கும் கைகள் வேண்டும். சூழலியலைப் பாடமாகவே நடத்தும் இந்தப் பல்கலைக்கழகத்தில் அந்தக் கைகளில் சில மாணவர்களுடையதாக இருந்தால் நல்லது. கோவாமுக்குப் பட்டம் கிடையாது. ஆனால் அதில் தேறாத வளாகம் எதுவும் பசுமை வளாகம் ஆகாது.