சாவியைத் திருப்பிய பின் இரண்டு நொடி

போன வாரம் காலை ஏழரை மணி இருக்கும். ஒரு ஆம்னி வேனை ஆட்டோவில் கயிறு கட்டி என் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். புதியம்புத்தூருக்குத் துணிக்கட்டு ஏற்றிப் போகிற வண்டி. டிரைவர் கீழே இறங்கும்போதே தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "அண்ணாச்சி, பெட்ரோல் பம்ப் போயிட்டு. புதுசு மாத்தி விட்ருங்க." என்னிடம் தொழில் பழகுகிற பையன் அதற்குள் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டான், டேங்கை இறக்க.

"எலே, எந்திரிச்சு வா" என்றேன். "ஸ்பானரைக் கீழ வை. முதல்ல சாவியைத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணாத. திருப்பிட்டுக் கேளு. என்ன கேக்கு?"

திருப்பினான். தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றான். "உய்ய்ங்னு லேசா ஒரு சத்தம் வந்து நின்னுட்டு தாத்தா."

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளே, அந்த இரண்டு நொடிச் சத்தத்தைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இஞ்செக்‌ஷன் வண்டியில் சாவியைத் திருப்பியதும் கம்ப்யூட்டர் பம்புக்கு இரண்டு நொடி மட்டும் கரண்ட் விடும். குழாயில் அழுத்தம் ஏறி நிற்கட்டும் என்று. எஞ்சின் சுற்றாவிட்டால் நிறுத்திவிடும். அந்தச் சத்தம் கேட்டால் பியூஸ், ரிலே, வயர், மோட்டார் எல்லாம் ஏதோ ஓர் அளவில் உயிரோடு இருக்கின்றன. கேட்கவில்லை என்றால் இந்த நாலில் எது வேண்டுமானாலும் செத்திருக்கலாம். அந்த நேரத்தில் பம்பின் மேல் மட்டும் பழியைப் போட யாருக்கும் உரிமை கிடையாது.

ஓட்டப்பிடாரம் பக்கத்தில் ஆம்னி என்றால் வெறும் வேன் இல்லை. பிரசவ வலி எடுத்தவளைத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும், களத்திலிருந்து உளுந்து மூட்டையையும், தருவைகுளத்துக் கரையிலிருந்து மீன்பெட்டியையும் சுமந்தது அது. 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து, பிறகு ஆம்னி ஆனது. 796 சிசி, மூன்று சிலிண்டர், முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின். 2019-ல் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். இன்றைக்கு எங்கள் ரோட்டில் ஓடுகிற ஒவ்வொன்றும் பழைய வண்டிதான். வைத்திருப்பவரும் பெரும்பாலும் அந்த ஒரு வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்.

நான் தொழில் படித்த காலத்தில் பம்ப் என்பது கண்ணுக்குத் தெரிகிற பொருள். எஞ்சினோடு ஒட்டி இருக்கும். எஞ்சின் சுற்றும்போது ஒரு கேம் நெம்பைத் தட்டும், உள்ளே ரப்பர் டயாப்ரம் ஏறி இறங்கும், டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி கார்புரேட்டருக்குத் தள்ளும். அம்பாசடர் பம்பில் கையாலேயே அடித்துப் பார்க்க ஒரு சின்ன நெம்பு இருக்கும். தூத்துக்குடியில் எனக்குச் சொல்லித் தந்த மேஸ்திரி, காயில் வயரைக் கழற்றச் சொல்வார். கார்புரேட்டர் பக்கத்து ஹோஸை உருவி ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் விடச் சொல்வார். செல்ஃப் அடித்தால் பாட்டிலுக்குள் சர், சர் என்று பீய்ச்ச வேண்டும். ஒழுகினால் போதாது, பீய்ச்ச வேண்டும். அடுத்து ஆயில் குச்சியை உருவி என் மூக்கருகே நீட்டுவார். டயாப்ரம் கிழிந்திருந்தால் பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் இறங்கும். குச்சியில் ஆயில் மட்டம் ஏறியிருக்கும், தண்ணியாக வழியும், பெட்ரோல் வாடை அடிக்கும். அந்த வாடை அடித்த பிறகும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறவன் எஞ்சினையே தின்றுவிடுவான் என்பார். காது, மூக்கு, விரல் மூன்றையும் வைத்துத்தான் அவர் தொழில் செய்தார். நானும் அப்படித்தான் இருபத்தைந்து வருஷம் ஓட்டினேன்.

பிறகு ஆம்னியிலும் இஞ்செக்‌ஷன் வந்தது. பம்ப் டேங்குக்கு உள்ளே போய்விட்டது. பார்க்க முடியாது, தொட முடியாது. எனக்குப் புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்பட்டேன். புரியாததைப் புரிந்ததுபோல் காட்டிக்கொண்ட அந்தக் காலத்தில்தான் ஒரு மனிதருக்கு நான் செய்யக்கூடாததைச் செய்தேன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவர் பள்ளிக்கூட டிரிப் அடிக்கிறவர். செகண்ட் ஹாண்டில் வாங்கிய வண்டி. அதற்கு முன் வேப்பலோடையில் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிய வண்டி அது. ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடுகிறது என்று கொண்டுவந்தார். சாவியைத் திருப்பினேன், சத்தம் இல்லை. பம்ப் போச்சு என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. அவர் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் பணத்தோடு வந்தார். அவர் மனைவியின் கம்மல் அடகுக்கடைக்குப் போயிருந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். புதுப் பம்ப் போட்டேன், வண்டி ஓடியது, எனக்கும் பெருமை.

பத்து நாள் ஓடியது. பதினோராவது நாள் குறுக்குச்சாலைக்குப் பக்கத்தில், உச்சிவெயிலில், உள்ளே பிள்ளைகளோடு நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தேன். புதுப் பம்ப். அதுவும் ஊமை. அப்போதுதான் முதல்முறையாக மண்டியிட்டு வயரைக் கையால் பிடித்து வந்தேன். பம்பின் எர்த் வயர் பாடியில் போல்ட் வைத்து முடுக்கியிருந்த இடம். போல்ட்டைச் சுற்றித் துரு பொரிந்து செதில் செதிலாக நின்றது. அதற்கு அடியில் செம்புக் கம்பி பச்சை பூத்து, விரலால் நசுக்கினால் மாவாக உதிர்ந்தது. உப்புக் காற்றின் வேலை. ஏழெட்டு இழை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது. துருவைச் சுரண்டி, புதுக் கண் வைத்து முடுக்கினேன். சாவியைத் திருப்பினேன். உய்ய்ங் என்றது.

பட்டறைக்குத் திரும்பி, மூலையில் எறிந்திருந்த பழைய பம்பை எடுத்தேன். பல நாள் கிடந்து காய்ந்திருந்தது. திறந்த வெளிக்குக் கொண்டுபோய் பேட்டரியில் ஒரு நொடி தொட்டேன். நல்ல பிள்ளையாகச் சுற்றியது. அப்படியானால் புதுப் பம்ப் பத்து நாள் எப்படி ஓடியது? டேங்கை இறக்கி ஏற்றியபோது அந்த வயர் அசைந்து, கொஞ்சம் தொடுப்பு கிடைத்திருக்கிறது, அவ்வளவுதான். நான் சரிசெய்ததால் ஓடவில்லை. இழுத்த இழுப்பில் ஓடியிருக்கிறது.

பணத்தை மூன்று தவணையாகத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை, ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவர் என் பட்டறைக்கு வரவில்லை. எதிரில் பார்த்தால் சிரிப்பார், போய்விடுவார். அந்தச் சிரிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதனால்தான் இன்றைக்கு மீட்டர் பிடிக்கச் சொல்லித் தரும்போது இந்த ஒன்றை மட்டும் நாலு தடவை சொல்வேன். பம்பின் பிளக்கைக் கழற்றி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். அதை நம்பாதே. வேலை இல்லாத கம்பி நல்ல கம்பியாகத்தான் தெரியும். பிளக்கை மாட்டி, பம்ப் இழுக்கிற நேரத்தில் அளந்து பார். அதே இடத்தில் எட்டோ ஏழோ காட்டினால் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது. எர்த் பக்கத்தில் ஒரு முனையும் பேட்டரி நெகட்டிவில் ஒரு முனையும் வைத்து, ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த்தைத் தேடு. நம் பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டி எதுவானாலும் முதல் சந்தேகம் எனக்கு அங்கேதான்.

பியூஸையும் ரிலேவையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல ரிலே ஒன்றை மாட்டிப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டியதும் பம்ப் உயிர்பெற்றால் மோட்டார் கடைசிக் காலத்தில் இருக்கிறது. அப்போது மாற்றச் சொல், கூசாமல் சொல். பெட்ரோல் ஹோஸில் கைவைக்கும் முன் உள்ளே நிற்கிற அழுத்தத்தை இறக்கு. பேட்டரி முனையைக் கழற்று. பக்கத்தில் பீடி பிடிக்கிறவர் வண்டி முதலாளியாகவே இருந்தாலும் எழுந்து வெளியே போகச் சொல்.

அழுத்தம் பார்க்கிற கேஜ் ஒன்று சொந்தமாக வாங்கு. கடன் வாங்கிய கேஜ் வேண்டாம். அது தேவைப்படுகிற நாளில் வேறு யாரிடமோ இருக்கும். நீயும் "பரவாயில்லை, பம்ப்தான்" என்று ஊகத்துக்குப் போய்விடுவாய். நம் ஊரில் 1872-ல் பிறந்த வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது முதலில் ஓட்டியது வாடகைக் கப்பல். வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியில் கொடுத்தவர்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ஊர் ஊராக அலைந்து பங்கு சேர்த்து, காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல் இரண்டைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தார். அவர் பிறந்த வீட்டு வழியாக தினமும் பட்டறைக்கு வருகிறாயே, ஒரு நாள் உள்ளே போய்ப் பார்.

2023 டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். 17, 18 இரண்டு நாள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு பட்டறை வாசலில் வண்டி வரிசையாக நின்றது. எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: பம்ப். நான் யாருக்கும் பம்ப் மாற்றுவதாக முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு டேங்கின் அடியிலிருந்தும் ஒரு பாட்டில் எடுத்து, வரிசையாகத் திண்ணையில் வைத்து அரைமணி நேரம் விட்டேன். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், குளிப்பை அறிவிக்கும் முன் கடலடிப் பாரிலிருந்து மாதிரிச் சிப்பி எடுத்துத் திறந்து பார்த்து மதிப்புப் போடுவார்களாம். அதே வேலைதான். பாட்டிலில் இரண்டு அடுக்கு பிரிந்து நின்றது. மேலே மஞ்சளாகப் பெட்ரோல், அடியில் கலங்கலாக வேறொன்று. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் ஆசை அதிகம். தண்ணீர் கொஞ்சம் கூடினால் அதையும் சேர்த்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் உட்காரும். பம்ப் உறிஞ்சுவது அடியிலிருந்துதானே? நல்ல பம்ப் கெட்ட தண்ணீரை எஞ்சினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. டேங்கைக் கழுவி, ஃபில்டர் மாற்றி, நல்ல பெட்ரோல் ஊற்றியதும் பாதிக்கு மேல் வண்டிகள் பழைய பம்போடேயே வீடு திரும்பின. நாள் கணக்கில் தண்ணீரில் நின்று மோட்டார் துருப்பிடித்தவற்றுக்கு மட்டும் மாற்றினேன். வெள்ளத்தில் வீட்டுச் சாமானெல்லாம் போன ஜனங்கள் அவர்கள். அவர்களிடம் வாங்குகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் எனக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. டேங்குக்குள் இருக்கிற பம்பைக் குளிர வைப்பது அதைச் சுற்றி நிற்கிற பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டினால் மோட்டார் சூட்டில் வேகும், அடியில் கிடக்கிற கசடும் ஏறும். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும் என்று நாம் சொல்கிறோம். நூறு ரூபாய்க்குப் பெட்ரோல் போட்டு, அந்த டிரிப் காசு வந்ததும் அடுத்த நூறு ரூபாய்க்குப் போடுகிறவரிடம் இதை எப்படிச் சொல்வாய்? இல்லாதவன் வண்டியில்தான் பம்ப் சீக்கிரம் போகிறது. "உங்க தப்புதான்" என்று ஒருநாளும் சொல்லிவிடாதே. "அண்ணாச்சி, ஒரு தடவை மட்டும் ஐந்நூறு ரூபாய்க்குச் சேர்த்துப் போட்டுருங்க. அதைத் தொடாம, மேல போடுறதை மட்டும் ஓட்டுங்க" என்று நான் சொல்வேன். கேட்டுக்கொண்ட பலர் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு செலவு அவருக்கு அதே நூறுதான்.

அன்றைய துணிக்கட்டு வேனுக்கு வருவோம். சத்தம் வருகிறது, வண்டி எடுக்கவில்லை. "எப்ப நிக்கும் அண்ணாச்சி?" என்று பையனை விட்டே டிரைவரிடம் கேட்க வைத்தேன். லோடு ஏற்றி மேடு ஏறும்போது ஒரு வாரமாக மூச்சு வாங்கியது, இன்றைக்குச் சுத்தமாக இல்லை என்றார். பையன் கேஜை மாட்டினான். ஃபில்டரைத் தாண்டி அளந்தால் முள் ஒன்றிலேயே சோம்பி நின்றது. இஞ்செக்‌ஷனுக்கு மூன்று பார் பக்கம் வேண்டும். ஃபில்டருக்கு முன்னால் அளந்தான். முள் துள்ளி ஏறியது. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தான். காப்பிக் கஷாயம் மாதிரி வந்தது. அது வடிந்து முடிகிறவரை டிரைவர் பேசவே இல்லை.

புது ஃபில்டர் போட்டு சாவியைத் திருப்பினான். நான் வழக்கம்போல், "என்ன கேக்கு?" என்றேன்.

"நல்லாக் கேக்கு தாத்தா. முன்ன மாதிரி இல்ல, கனமாக் கேக்கு."

பையனைச் சோதிக்க நான் கேட்பதாக அவன் நினைத்துக்கொண்டிருக்கிறான். சுத்தியலும் சைலன்சர் இல்லாத எஞ்சினுமாகக் கழிந்த இந்த வருஷங்களில் அந்தச் சத்தம் மட்டும் எனக்குக் கேட்பதில்லை. கேட்டு மூன்று வருஷம் ஆகிறது. மறுபடி திருப்பச் சொல்லிவிட்டு, வண்டிக்கு அடியில் கையை நீட்டி டேங்கில் உள்ளங்கையை வைத்தேன். இரண்டு நொடி, தகரம் லேசாக அதிர்ந்து அடங்கியது.