சுண்ணாம்புச் சீமையில் தொட்டி ஆப்பிள்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்குப் போகிறவர்கள் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், மண்ணைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மேற்கே பச்சைமலை அடிவாரத்தில் செம்மண். கிழக்கே போகப் போகக் கரிசல். பருத்தியும் மக்காச்சோளமும் கண்ணுக்கெட்டிய வரை நிற்கும். அதையும் தாண்டினால் சிமென்ட் ஆலைகளின் புகைபோக்கிகள், சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள். செந்துறை, ஆண்டிமடம் பக்கம் மறுபடியும் செம்மண் தலைகாட்டும், முந்திரித் தோப்புகளோடு.

வெயிலுக்குப் பேர்போன இந்தச் சீமையில் ஆப்பிளா என்று கேட்டால் முன்பெல்லாம் சிரிப்பார்கள். இப்போது யாரும் சிரிப்பதில்லை. நர்சரிகளில் ஒட்டுக்கன்று கிடைக்கிறது. 'சமவெளியிலும் காய்க்கும்' என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாசலில் ஒரு தொட்டி வைத்துப் பார்க்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஆசையில் தப்பில்லை. ஆனால், கன்றுக்குக் காசு கொடுக்கும் முன்பு தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

சமவெளி ஆப்பிள் என்ற பேச்சுக்கு முக்கியக் காரணம், இமாச்சலப் பிரதேசம் பிலாஸ்பூர் மாவட்டத்து விவசாயி ஹரிமன் சர்மா. வீட்டுப் புழக்கடையில் விதையிலிருந்து முளைத்த ஒரு செடியைக் கவனித்து, ஒட்டுக்கட்டிப் பெருக்கி, வெப்பம் தாங்கும் ரகமாக வளர்த்தெடுத்தார். அதுதான் எச்.ஆர்.எம்.என்-99. 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இதுபோக, இஸ்ரேலில் உருவான 'அன்னா', பஹாமாஸ் தீவில் கண்டெடுத்த 'டார்செட் கோல்டன்' ஆகிய ரகங்களும் விற்பனைக்கு வருகின்றன. அன்னாவை வாங்குகிறவர்கள் கூடவே டார்செட் கோல்டனையும் வாங்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பூக்கும். ஒன்றின் மகரந்தம் மற்றதற்கு வேண்டும்.

'45 டிகிரி வெயிலையும் தாங்கும்' என்று சொல்வது கோடைக் கணக்கு. ஆப்பிளுக்குக் குளிர் கணக்கு தனியாக இருக்கிறது. சாதாரண ஆப்பிள் மரம் குளிர்காலத்தில் 7 டிகிரிக்கும் குறைவான குளிரில் ஆயிரம் மணி நேரம் போலத் தூங்கி எழுந்தால்தான் ஒழுங்காகப் பூக்கும். அன்னா போன்ற ரகங்களுக்கு 200, 300 மணி நேரம் போதும். பிலாஸ்பூரில் கோடை சுட்டாலும், மார்கழி, தை மாத இரவுகள் நடுங்க வைக்கும். பெரம்பலூர் மார்கழிக்குக் காலையில் ஒரு துண்டு போர்த்தினால் போதும். அங்கே காய்த்த மரம் இங்கே அதேபோலக் காய்க்கும் என்று எந்த வியாபாரி சொன்னாலும் நம்ப வேண்டாம்.

குளிருக்கு மாற்றாக ஒரு வழி உண்டு. இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பத்து என்ற மலையூரில் ஆப்பிள் விவசாயிகள், அறுவடை முடிந்ததும் மரத்தின் இலைகளைக் கையால் உருவிவிடுவார்கள். மரம் ஓய்வுக்குப் போகாமல் புது மொட்டு விடும். மாதுளைக்கு வாட்டம் கொடுத்து, இலை உதிர்த்துப் பூ எடுப்பவர்களுக்கு இது புதிதல்ல. மல்லிகைக்குக் கவாத்து அடிப்பதும் இந்த ரகம்தான். தொட்டிச் செடியில் இதைச் செய்வது இன்னும் சுலபம். செடிக்கு இரண்டு வயது முடிந்து, தண்டு பருத்த பிறகு, மார்கழியில் தண்ணீரைக் குறைத்து இலைகளை உருவி, கிளைகளைக் கயிறு கட்டிப் படுக்கைவாட்டில் வளைத்துவிடலாம். பூக்கும் என்ற உத்தரவாதம் இல்லை, வாய்ப்பு கூடும். பத்து மலையூர், பெரம்பலூர் சமவெளி என்பதையும் மறக்கக் கூடாது.

வெயிலும் குளிரும் எல்லோருக்கும் கண்ணில் படும் எதிரிகள். இந்த இரண்டு மாவட்டங்களில் கண்ணில் படாத எதிரி ஒன்று இருக்கிறது. அது சுண்ணாம்பு.

கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு இந்தப் பகுதியில் கடல் இருந்தது. ஆலத்தூர் வட்டம் சாத்தனூரில் கல்லாகிப் போய்ப் படுத்திருக்கும் 18 மீட்டர் நீள மரம் அந்தக் கடலில் வந்து புதைந்ததுதான். 12 கோடி ஆண்டு பழையது என்கிறார்கள். 1940-ல் புவியியல் அறிஞர் எம்.எஸ்.கிருஷ்ணன் அதை உலகுக்குச் சொன்னார். காரை கிராமத்துப் பள்ளங்களிலும் வாரணவாசி அருங்காட்சியகத்திலும் நத்தைபோலச் சுருண்ட கடல் உயிரிகளின் கற்களைப் பார்க்கலாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புதான் சிமென்ட் ஆலைகளுக்கு முதல். போர்வெல் தண்ணீர் கொதிக்க வைத்த பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதும் அதுவே.

ஆப்பிளுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும். சுண்ணாம்பு கூடினால், மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர் எடுக்க முடியாது. கொழுந்து இலை மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். பலர் இதைத் தண்ணீர் பற்றாக்குறை என்று நினைத்து மேலும் போர்வெல் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். நோயை ஊற்றி நோயைத் தீர்க்கிற கதை. அடி இலைகள் முழுசாக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு; கொழுந்தில் தொடங்கினால் இரும்பு.

தொட்டிக்கு மண் எடுக்கும்போதே சோதித்துவிடலாம். உலர்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாற்றையோ வினிகரையோ விட்டால் நுரைத்துப் பொங்கக் கூடாது. பொங்கினால் சுண்ணாம்பு மண். கரிசல் வேண்டவே வேண்டாம். மழையில் நீர் கோத்துக்கொள்ளும், வெயிலில் வெடித்து வேரை அறுக்கும். பொங்காத செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து, அடியில் துளையிட்டால் நல்ல தொட்டி. ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் நான்கு விரற்கடை நிற்க வேண்டும்.

தண்ணீர்தான் பாதி வெற்றி. ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டுத் தண்ணீரை மூடியுள்ள டிரம்களில் பிடித்து வைத்தால், ஒரு செடிக்குக் கணிசமான நாள் வரும். கோடையில் போர்வெல் தண்ணீரைத் தவிர்க்க முடியாதபோது, மாதம் ஒருமுறையாவது மழைநீரைத் தாராளமாக ஊற்றி உப்பை அடித்துளை வழியாக வெளியேற்ற வேண்டும். கொழுந்து மஞ்சளானால், லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம். 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை போதும். பஞ்சகவ்யா தெளிப்பவர்கள் 10 லிட்டருக்கு 300 மில்லி என்ற வழக்கமான அளவிலேயே தெளிக்கலாம்.

தொட்டியைக் கிழக்குப் பார்த்து வைத்தால் காலை வெயில் கிடைக்கும், மாலை வெயில் தப்பும். சித்திரை, வைகாசியில் டிரம்மின் பக்கச் சுவர் சூடேறி வேரை வேக வைத்துவிடும். அதற்கு வெளிப்புறம் வெள்ளையடித்தால் போதும். உள்ளே ஆகாத சுண்ணாம்பு வெளியே உதவிக்கு வரும்! மேல்மண்ணில் மக்காச்சோளத் தட்டையை நறுக்கிப் பரப்பலாம், ஆனால் தண்டை ஒட்டாமல். இல்லாவிட்டால் கரையான் வரும்.

மூன்றாம் ஆண்டில் சில காய்கள் நின்றால் அதுவே நல்ல பலன். கொத்துக்கு ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ளிவிட்டால் அந்த ஒன்று தேறும். பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அது போதும். ஆனால், தொட்டியில் நான்கு காய் வந்ததைப் பார்த்து ஒரு ஏக்கர் முந்திரியை வெட்டிவிட்டு ஆப்பிள் நடலாமா என்றால், வேண்டாம். செந்துறை, ஆண்டிமடம் தோப்புகளில் கொட்டையைத் திருகி எடுத்ததும் வீசிவிடும் முந்திரிப்பழத்துக்கும் ஆங்கிலத்தில் ஆப்பிள் என்றுதான் பெயர். அந்த ஆப்பிள் இந்த மண்ணில் யாரும் கெஞ்சாமலே காய்க்கிறது.

கன்று வாங்கப் போகும் முன்பு, ஒரு பாட்டில் போர்வெல் தண்ணீரும் அரை கிலோ மண்ணும் எடுத்துக்கொண்டு, பெரம்பலூர்க்காரர்கள் வாலிகண்டபுரத்திலும் அரியலூர்க்காரர்கள் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் மையங்களில் விசாரிக்கலாம். கார அமில நிலை எண் 8-ஐத் தாண்டியிருந்தால், முதலில் வாங்க வேண்டியது மழைநீர் பிடிக்க டிரம்.