முருங்கைத் தண்டில் அசையும் கம்பளி!

உவரியில் கடலைப் பார்த்துவிட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், கொஞ்ச தூரத்திலேயே திசையன்விளை வந்துவிடும். செம்மண், பனைமரங்கள், இடையிடையே முருங்கைத் தோட்டங்கள். தோட்டம் இல்லாதவர்கள் வீட்டிலும் கொல்லையில் ஒரு முருங்கையாவது நிற்கும்.

மழைக்காலத்தில் அந்த மரத்தண்டைத் தூரத்திலிருந்து பார்த்தால், ஓரிடத்தில் பட்டை தடித்துப் புடைத்ததுபோல் தெரியும். கிட்டே போனால் அது அசையும்! நூற்றுக்கணக்கான கம்பளிப்பூச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பகல் முழுக்க அங்கேயே கிடக்கும். இருட்டியதும் மேலே ஏறி இலைகளைத் தின்னும், பட்டையையும் விடாது. ஒரே மரத்தில் நிறைய சேர்ந்துவிட்டால் மரமே மொட்டையாகிவிடும். ரோமம் பட்ட இடத்தில் அரிப்பு எடுக்கும் என்பதால், குழந்தைகளை மரத்தின் பக்கமே விடமாட்டார்கள்.

இதன் பெயர் யூப்டெரோட்டே மோலிஃபெரா. 1865-ல் பிரான்சிஸ் வாக்கர் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர் வைத்த பெயர். வளர்ந்த புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிறது. மழை நனைத்த மண்ணிலிருந்து வெளியே வரும்போது அது மஞ்சள் கலந்த பழுப்பு நிற அந்துப்பூச்சி. இறக்கையில் மங்கலான கோடுகள். சருகில் உட்கார்ந்தால் சருகேதான்!

இந்தப் பேரினத்துக்குக் காடும் சொந்த வீடுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஏலக்காய்த் தோட்டங்களில் இதன் உறவுக்காரப் பூச்சி ஒன்று உண்டு. பகலில் நிழல்மரத்தின் தண்டில் கும்பலாக அடையும், பிறகு ஏலச்செடியில் இறங்கி இலையைத் தின்னும். மலையானாலும் தேரிக்காட்டோரமானாலும், கூட்டமாக அடையும் குணம் மட்டும் மாறவில்லை.

அந்தக் குணம்தான் விவசாயிக்குக் கைகொடுக்கிறது. பகலில் ஒரே இடத்தில் கிடப்பதால், தீப்பந்தத்தைக் காட்டியே கும்பலை அழித்துவிடலாம். ஆனால் முருங்கை மிருதுவான மரம். நெருப்பை நிதானமாகக் காட்டாவிட்டால் புழுவோடு பட்டையும் கருகும். சரி, மருந்து அடித்துவிடலாமே என்றால், பூத்திருக்கும் மரத்தில் அதுவும் வம்பு. முருங்கைப் பூவுக்கு மகரந்தம் சுமந்து வரும் கருவண்டும் தேனீயும் சேர்ந்து சாகும். வண்டு வராவிட்டால் காய் எங்கிருந்து வரும்?

அதனால் புழு வரும்வரை காத்திருக்காமல், முட்டையிட வரும் அந்துப்பூச்சியையே பிடிக்கச் சொல்கிறார்கள் வேளாண் துறையினர். முதல் மழை பெய்த கையோடு தோட்டத்தில் விளக்குப்பொறி வைக்க வேண்டும். விளக்கு, அதன் கீழே ஒரு தட்டு நிறையத் தண்ணீர், அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய். வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சி தண்ணீரில் விழும். விடிந்ததும் தட்டை எட்டிப் பார்த்தால், அந்த வருஷம் மரத்துக்கு எத்தனை ஆபத்து என்பது ஓரளவு தெரிந்துவிடும்.