ஒரு பூட்டை மட்டும் நம்பினால்

பாணும் சம்பலும் இல்லாட்டி எங்கட கம்பஸ் காலமைகள் ஓடாது. ஆனால் எங்கட நாட்டில் கோதுமை விளைவதில்லை. எங்கட பாண் வேற ஆக்களின்ர வயலிலதான் தொடங்குது.

அந்த வயல்களின் பழைய எதிரி தண்டுத் துருநோய், ஒரு பூஞ்சை. ரை என்ற தானியத்திலிருந்து கோதுமைக்கு வந்த எஸ்ஆர்31 மரபணு அதைப் பல பத்தாண்டுகள் தடுத்தது. பல நாடுகள் அதையே நம்பின. 1998இல் உகண்டாவில் யூஜி99 எண்ட புது வகைத் துரு தெரிய வந்தது. அதுக்கு அந்த மரபணு ஒரு தடையே இல்லை.

பிறகு கென்யாவின் என்ஜோரோவில் பல நாட்டுக் கோதுமைகளை நட்டு, வேணுமெண்டே துருவைப் பரப்பி, எது தாங்குது எண்டு பார்த்தினம். தாங்கினதுகளைக் கலந்து, ஒரே பயிருக்குள் பல மரபணுக்களை அடுக்கினம். ஒரு பூட்டு உடைஞ்சாலும் மற்றது நிக்கும்.

பூஞ்சையும் சும்மா இருக்காது, மாறும். அதால இந்த வேலைக்கு முடிவில்லை. ஒரு கோதுமை வயலும் இல்லாத நாங்களும் அதை நம்பித்தான் சாப்பிடுறம்.