வெளியே நிற்பவர்கள்

'அவுட்ஸ்டாண்டிங்' என்ற சொல்லை எங்கள் வீட்டில் முதலில் கொண்டுவந்தது அப்பா. கூட்டுறவு வங்கியில் கிளார்க். மார்ச் மாதம் வந்தால் 'அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட்' என்று ஒரு கட்டுக் காகிதம் அவரோடு வீட்டுக்கு வரும். கடன் வாங்கித் தவணை கட்டாதவர்களின் பட்டியல். பல வருடம் கழித்து, ஐடி கம்பெனியில் என்னோடு சேர்ந்த பையனுக்கு அவுட்ஸ்டாண்டிங் கிடைத்திருக்கிறது என்று போனில் சொன்னபோது அப்பா அனுதாபத்தோடு கேட்டார்: "எவ்வளவுடா?"

அப்பா கேட்டதில் தப்பில்லை. வெளியே, நில் என்ற இரண்டு சொற்களின் கூட்டு அது. ஆரம்பத்தில் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்பதைத்தான் குறித்தது. கட்டப்படாமல் நிற்கும் பணம் என்ற பொருள் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வருகிறது. 'சிறந்த' என்ற பொருள் அதற்கும் பிறகுதான். தமிழில் நாம் சொல்லும் 'நிலுவை'யிலும் அந்த 'நில்' இருக்கிறது. எங்கள் தொழிலிலும் பழைய பொருள் சாகவில்லை. சர்வருக்கு அனுப்பி இன்னும் பதில் வராத கோரிக்கைக்குப் பெயர் அவுட்ஸ்டாண்டிங் ரெக்வெஸ்ட்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு, டீம் லீடாக ஒன்பது பேருக்கு அப்ரைசல் எழுத வேண்டியிருந்தது. ஒன்பதில் ஒருவருக்குத்தான் 'அவுட்ஸ்டாண்டிங்' கொடுக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். பெல் கர்வ். ஜெனரல் எலக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் ஊழியர்களை 20, 70, 10 என்று பிரித்துப் பிரபலமாக்கிய முறையின் தம்பி. மைக்ரோசாஃப்ட் தன்னுடைய தரவரிசை முறையை 2013-இலேயே கைவிட்டுவிட்டது. நாங்கள் விடவில்லை. மணி வடிவ வளைவு வர வேண்டுமென்றால் எண்ணிக்கை பெரிதாக இருக்க வேண்டும், தேர்வு செய்யாமல் எடுத்த கூட்டமாகவும் இருக்க வேண்டும். மூன்று ரவுண்டு இன்டர்வியூ வைத்து வடிகட்டி எடுத்த ஒன்பது பேரில் அந்த வளைவை எங்கே தேடுவது? இன்ஜினியரிங்கில் புள்ளியியல் அரியர் வைத்தவனுக்குக்கூட இது தெரியும்.

என் மனதில் இருந்தது ஒரு பெண். பெயர் வேண்டாம். எங்கள் பணப்பட்டுவாடா சிஸ்டத்தில் இரவு 2 மணிக்கு ஓடும் பேட்ச் ஜாப் ஒன்று உண்டு. வாரத்தில் இரண்டு முறையாவது பாதியில் நின்றுபோகும். யாராவது தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார வேண்டும். அவள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, நின்ற இடத்திலிருந்தே தொடர்கிற மாதிரி மாற்றி எழுதினாள். அதோடு டேட்டாபேஸையும் புதிய வெர்ஷனுக்கு மாற்றினாள், ஒரு நிமிடம்கூட சிஸ்டம் நிற்காமல். அந்த வருடம் முழுக்க இரவில் ஒரு போன்கூட வரவில்லை.

அவளுக்காக எழுத உட்கார்ந்தபோதுதான் சொற்கள் அடம்பிடித்தன. பீட்டர் ரோஜெட் என்ற மருத்துவர் 1852-இல் போட்ட தெசாரஸின் வாரிசுகள் இப்போது எல்லா லேப்டாப்பிலும் உண்டு. திறந்து பார்த்தேன். எக்ஸலெண்ட்: லத்தீனில் உயர்ந்து எழுவது. சுப்பீரியர்: மேலே இருப்பது. எக்ஸெப்ஷனல்: விதிக்கு வெளியே எடுக்கப்பட்டது. எல்லாம் ஒன்று மேலே, இல்லையென்றால் வெளியே. பக்கத்தில் நாலு பேர் கீழே இல்லாமல் இந்தச் சொற்களால் யாரையும் புகழ முடியாது. இதில் வேடிக்கையானது இக்ரீஜியஸ். மந்தையிலிருந்து விலகி நிற்பது என்று பொருள். ஒரு காலத்தில் ஆங்கிலத்தில் பாராட்டுச் சொல், இன்று படுமோசமானதற்கு மட்டும். வெளியே நிற்பதில் உள்ள ஆபத்து அதுதான்.

தமிழ் மட்டும் யோக்கியமா என்றால், அங்கேயும் கூத்துதான். 'பிரமாதம்' சமஸ்கிருதத்தில் கவனக்குறைவு, பிழை. தெலுங்கில் ஆபத்து. நாம் சாம்பாரைப் பார்த்துச் சொல்கிறோம். 'அமர்க்களம்' என்றால் போர்க்களம். 'அட்டகாசம்' பெருஞ்சிரிப்பு. 'பயங்கரமா இருக்கு' என்பதும் ஆங்கிலத்தின் டெரிஃபிக்கும் ஒரே வழியில் வந்தவை: பயமுறுத்துவது பாராட்டாகிவிட்டது. 'அருமை' இன்னும் மோசம். அரிது, எளிதில் கிடைக்காதது. எச்.ஆர். டிபார்ட்மென்ட்டுக்கு மிகவும் பிடிக்க வேண்டிய சொல்.

ஆனால் 'நேர்த்தி' இருக்கிறது. (நேர்த்திக்கடனை இதில் சேர்க்க வேண்டாம், மறுபடி நிலுவைக்குப் போய்விடுவோம்.) நெசவைப் பார்த்து, கட்டிய சுவரைப் பார்த்து, பாத்திரம் அடுக்கியதைப் பார்த்துச் சொல்கிற சொல். நேராக, ஒழுங்காக, எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே. பக்கத்து வீட்டுச் சுவர் கோணலாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவள் எழுதிய கோடுக்கு எனக்குக் கிடைத்த சரியான சொல் இதுதான். அதை ஆங்கிலத்தில் எழுதினால் ரிலையபிள், கன்சிஸ்டென்ட் என்றுதான் வருகிறது. அந்தச் சொற்களைப் பார்த்தாலே நடுப் பெட்டியில் போடப் பழகிய கண்கள் அவை.

கேலிபரேஷன் மீட்டிங்கில் ஒன்றரை மணி நேரம் பேசினேன். "எல்லாம் ஓகே, விசிபிலிட்டி என்ன?" என்றார் மேலாளர். போன வருடம் வந்த போன்கால்களின் கணக்கையும் இந்த வருடத்தின் பூஜ்யத்தையும் ஸ்கிரீனில் காட்டினேன். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த வருஷம் பெருசா ஒண்ணும் நடக்கல" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகவே அப்படித்தான் அவருக்குப் பட்டது. அவுட்ஸ்டாண்டிங் இன்னொருவருக்குப் போனது. அவர் அவசரமாக எழுதிய கோடு ஒரு வெள்ளிக்கிழமை மாலை விழுந்து, மூன்று இரவு தூங்காமல் அவரே அதைத் தூக்கி நிறுத்தினார். உண்மையாக உழைத்தார், அதை மறுக்க மாட்டேன். அத்தனை பெரிய தலைகளும் அந்த மூன்று இரவும் காலில் இருந்தார்கள், அவரைப் பார்த்தார்கள்.

அவளிடம் 'மீட்ஸ் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' என்று சொல்ல வேண்டியது என் வேலை. காபி மிஷின் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டாள்.

"எதிர்பார்த்ததைச் செஞ்சிருக்கேன்னு அர்த்தமாண்ணா?"

"ஆமா."

"அந்த ஜாப் நிக்காம ஓடும்னு யாரு எதிர்பார்த்தா?"

யாருமில்லை. சம்பள உயர்வில் அந்த ஒரு சொல்லின் வித்தியாசம், அவள் அப்பாவின் டயாலிசிஸ் செலவில் ஏறக்குறைய நான்கு மாதம். அதை அவள் சொல்லவில்லை, எனக்கே தெரியும். அந்த வருடம் முடிவதற்குள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள்.

ஜாப் இன்னும் ஓடுகிறது. போன வாரம் புதிதாகச் சேர்ந்த பையன் அந்தக் கோடைத் திறந்து வைத்துக்கொண்டு, "இது யாருண்ணா எழுதினது?" என்றான். ஒரு வரியை யார் எழுதினார்கள் என்று பார்க்க கிட்டில் ஒரு கட்டளை இருக்கிறது. அதன் பெயர் 'பிளேம்', பழி. பழைய சப்வெர்ஷனில் அதே கட்டளையை 'பிரெய்ஸ்' என்றும் அடிக்கலாம், ஒரே வேலையைத்தான் செய்யும். கிட்டில் அந்த மாற்றுப்பெயர் இல்லை. பிளேம் அடித்துக் காட்டினேன். திரை முழுக்க அவள் பெயர் வரிக்கு வரி இறங்கியது.