படிக்காமல் போட்ட கையெழுத்து

எங்கள் ஆபீஸில் கோட் ரிவ்யூ பற்றி அதிகம் பேசுகிறவன் நான். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு அது பற்றி வகுப்பெடுப்பதும் நான்தான். ஃபங்ஷன் நீண்டுகொண்டே போகக்கூடாது, அடுத்து படிக்கப்போகிறவனை நினைத்து வேரியபிளுக்குப் பெயர் வை, டெஸ்ட் இல்லாமல் மெர்ஜ் கேட்காதே. இத்தனையையும் நம்பித்தான் சொல்லிவந்தேன். ஆனால் அடுத்தவர் எழுதிய கோடை முழுக்கப் படிக்காமலே அப்ரூவ் பொத்தானைப் பல வருஷமாக அழுத்தியும் வந்தேன்.

எல்லாவற்றையும் அப்படித் தள்ளிவிட்டதாகச் சொல்ல முடியாது. இருபது வரி மாற்றம் வந்தால் உட்கார்ந்து படிப்பேன். பெயர் சரியில்லை, இந்த இடைவெளி எதற்கு என்று கமெண்டாக எழுதித் தள்ளுவேன். ஆயிரம் வரி வந்தால் முதல் ஒன்றிரண்டு ஃபைலைப் பார்ப்பேன், மீதியை உருட்டிவிடுவேன். டெஸ்ட் எல்லாம் பச்சையா, எழுதியது கெட்டிக்காரப் பிள்ளையா, அவ்வளவுதான் கணக்கு. கீழே ‘எல்ஜிடிஎம்’ (பார்த்தேன், சரியாக இருக்கிறது) என்று தட்டிவிட்டு அடுத்த மீட்டிங்குக்குப் போய்விடுவேன். அணு உலைத் திட்டத்தை இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டு, சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கும் ஒரு குழுவைப் பற்றி பார்க்கின்சன் என்ற ஆங்கில எழுத்தாளர் 1957லேயே எழுதியிருக்கிறார். வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

பள்ளிக் கட்டணம் வசூலிக்கும் ஒரு மென்பொருள் எங்களுடையது. பேமென்ட் பகுதியைத் திருத்தி எழுதும் வேலையை ஒரு ஜூனியர் பையனிடம் கொடுத்திருந்தோம். படிப்பு முடித்து அதிக நாள் ஆகாதவன், நல்ல உழைப்பாளி. ரிலீஸுக்கு முந்தைய நாள் சாயங்காலம், “அண்ணா, கொஞ்சம் பெரிசா போயிடுச்சு. பாத்துச் சொல்றீங்களா?” என்று கேட்டான். ராத்திரிக்குள் அப்ரூவ் செய்தேன். பேமென்ட் ஃபைலை நான் திறக்கவே இல்லை.

அதில் ஒரு ரீட்ரை லூப் இருந்தது. வங்கிக்குக் கோரிக்கை அனுப்பும், குறித்த நேரத்துக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பும், மொத்தம் மூன்று முறை. இதில் தப்பில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் ஒவ்வொரு பேமென்டுக்கும் ஒரு தனி எண் உண்டு. அதே எண்ணோடு இரண்டாவது கோரிக்கை போனால், இது பழையதுதான் என்று வங்கி கண்டுகொள்ளும். பணத்தை இன்னொரு தரம் எடுக்காது. அந்த எண்ணை உருவாக்கும் வரி லூப்புக்கு வெளியே, மேலே இருந்திருக்க வேண்டும். இவன் உள்ளே வைத்துவிட்டான். ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் கிடைத்தது. வங்கியைப் பொறுத்தவரை ஒவ்வொன்றும் புது பேமென்ட்.

ரிலீஸுக்கு முன் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங்கில் இது தெரிய வழியே இல்லை. அங்கே வங்கிக்குப் பதிலாக நிற்கும் போலி சர்வர் உடனே பதில் சொல்லிவிடும், லூப் ஒரு சுற்றோடு முடிந்துவிடும். ஜூனில் பள்ளி திறந்து எல்லோரும் ஒரே நேரத்தில் பணம் கட்டியபோது வங்கியின் பதில் தாமதமானது. பணம் போய்விட்டது, போனதற்கான பதில் மட்டும் நேரத்துக்கு வரவில்லை. எங்கள் கோடு திரும்ப அனுப்பியது. சிலருக்கு இரண்டு தரம், சிலருக்கு மூன்று தரம் பணம் எடுக்கப்பட்டது. ஹெல்ப்டெஸ்கில் பதிவான ஒரு அழைப்பைக் கேட்டேன். ஒரு அம்மா, “வீட்டு வாடகைக்கு வெச்சிருந்த காசுப்பா அது” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பணம் திரும்பிப் போய்ச் சேர நாள் பிடித்தது.

அந்த ஃபைலைத் திறந்து படித்திருந்தால் என் கண்ணில் அது பட்டிருக்கும். பேமென்ட் வேலையில் ஊறியவன் நான், லூப்பைப் பார்த்ததுமே எண் எங்கே பிறக்கிறது என்றுதான் தேடுவேன்.

அதற்குப் பிறகு செய்தது இதைவிட மோசம். என்ன நடந்தது என்று ஆர்சிஏ, அதாவது மூலகாரண அறிக்கை, எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தவறு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்ற இடத்தில் அவன் பெயர் தானாகவே வந்துவிட்டது. அதற்குக் கீழே, “ரிவ்யூவின்போது இது கவனத்துக்கு வரவில்லை” என்று எழுதினேன். படிக்கிறவர்கள் நான் பார்த்தேன், பார்த்தும் தப்பிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்படி எழுதினேன்.

பார்த்தும் தப்புவது உண்டு. இணையத் தொடர்புகளைப் பாதுகாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டையைக் கொண்டுவந்த மாற்றம் 2011 டிசம்பர் 31 அன்று சேர்க்கப்பட்டது. வந்த தரவின் நீளம் அது சொல்லிக்கொள்ளும் நீளத்தோடு ஒத்துப்போகிறதா என்ற சோதனை அதில் விட்டுப்போயிருந்தது. எழுதியவர் கவனிக்கவில்லை, ரிவ்யூ செய்தவரும் கவனிக்கவில்லை. 2014 ஏப்ரலில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. அது மனிதக் கண்ணின் எல்லை. என் ஆர்சிஏ வரி அந்த வகை மன்னிப்பைத் திருடிக்கொண்டது.

பையனைப் பேமென்டிலிருந்து எடுத்து ரிப்போர்ட் பகுதிக்கு மாற்றினார்கள். அந்த மீட்டிங்கில் நானும் இருந்தேன், வாய் திறக்கவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு டீ நேரத்தில் அவனிடமே உண்மையைச் சொன்னேன். கோபப்படவில்லை. “அந்த ரீட்ரை பகுதி எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சுண்ணா. நீங்க ஓகே குடுத்ததால விட்டுட்டேன்” என்றான்.

நான் அப்ரூவ் செய்யாமல் கிடப்பில் போட்டிருந்தால்கூட அவன் அந்தச் சந்தேகத்தோடு இன்னொருவரிடம் போயிருப்பான். டெஸ்டிங் குழுவும், “சீனியர் பார்த்தாச்சு” என்றுதான் அந்தப் பகுதியை மேலோட்டமாக விட்டது. ரிவ்யூவே இல்லாத இடத்தில் ஆட்கள் ஜாக்கிரதையாக இருப்பார்கள். என் கையெழுத்து அந்த ஜாக்கிரதையையும் எடுத்துவிட்டது.

இப்போது பெரிய மாற்றம் வந்தால் பிரித்து அனுப்பச் சொல்லித் திருப்பிவிடுகிறேன். நேரமில்லாத நாளில் எந்த ஃபைலைப் படித்தேன், எதைப் படிக்கவில்லை என்று எழுதிவைக்கிறேன், அப்ரூவ் கொடுப்பதில்லை. ரிலீஸ் தள்ளிப்போகிறது என்று மேனேஜருக்கு வருத்தம். அவர் வருத்தத்திலும் நியாயம் இருக்கிறது, கெடு வைத்தது அவர் இல்லை.

ஆர்சிஏவைத் திருத்தலாமா என்று அவரிடம் கேட்டேன். “மூடின டிக்கெட்டை எதுக்குத் தோண்டுறீங்க, விடுங்க” என்றார். ரிவ்யூ செய்தவர் இந்த ஃபைலைத் திறக்கவில்லை என்று என் பெயரைப் போட்டு அந்த டிக்கெட்டின் கீழேயே கமெண்ட் எழுதினேன். அவனை மறுபடி பேமென்டுக்கு எடுங்கள் என்று கேட்டு மெயிலும் போட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. அவன் ரிப்போர்ட் பகுதியில்தான் இருக்கிறான்.